ஆணியில்லாத வீடு

நீங்கதானுங்களா மொதல்ல வந்தது? வாங்க வாங்க. மத்தவங்கெல்லாம் பொள்ளாச்சியில டிபன் சாப்பிட்டுட்டு வேன்ல வர்றாங்களாமா. அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பானேன், இந்தப் படியில உக்காருங்க. காத்து நல்லா வரும். மரவேலை கத்துக்கோணும்னு சென்னையில இருந்து பஸ்ஸேறி வந்திருக்கீங்க பாருங்க, அதுவே எனக்குப் பெரிய சந்தோசமுங்க. நானும் இப்பிடித்தான் ஒருநாள் பையைத் தூக்கிட்டுக் கிளம்பினவன்.

நேசபாயி! ஒரு காப்பி போட்டுக் கொண்டா.

அவதானுங்க இங்க எல்லாத்தையும் பாத்துக்கறது. குமரி மாவட்டத்துக்காரி. பேச ஆரம்பிச்சான்னா நமக்குப் பாதி புரியாது. ஆனா பேச்சு கொறைச்சல்தான். அவளைப் பத்தியும் சொல்றனுங்க. இந்த வீட்டைப் பத்திச் சொன்னா அவளைப் பத்தியும் சொல்லித்தான் ஆகோணும், என்ன பண்றது.

வீடுன்னு நாமதான் சொல்றமுங்க. அவங்க ஊர்ல இதுக்கு அறப்புரைன்னு பேரு. அறுத்த நெல்லைக் கொட்டி வெக்கறதுக்குன்னு மரத்துலயே கட்டினது. கீழ கல்லுக்கால், அதுக்கு மேல ஆயினின்னு காட்டுப்பலா மரத்துல சட்டம், பலகை, சுவரு, எல்லாமே. ஒரு மரத்துல நாக்கு இருக்கும், இன்னொண்ணுல துளை இருக்கும், சொருகிட்டுக் குறுக்க ஒரு மர முளையை அடிச்சிருப்பாங்க. இரும்பு ஆணி ஒண்ணே ஒண்ணு கிடையாது. அதுதானுங்க இதோட மவுசு. விளம்பரத்துல பாத்திருப்பீங்களே, 'ஆணியில்லாத வீட்டில் ஐந்து நாள்'னு? என்ற பையன் போட்டது. அதைப் பாத்துட்டுத்தானே நீங்களே வந்திருக்கீங்க.

என்ற பேரு அவினாசியப்பனுங்க. கோயமுத்தூர்ல கிரைண்டர் கம்பெனி வெச்சிருந்தேன். இப்பப் பையன் பாத்துக்கறான். பாத்துக்கறான்னா, என்னை உள்ளயே விடறதில்லைங்க. 'நீங்க வந்தா ஆளுக பயப்படறாங்கப்பா'ங்கறான். பயந்தாத்தானுங்க வேலை நடக்கும்? சரி, போய்த் தொலையட்டும்னு வீட்டுல உக்காந்தேன். என்ற சம்சாரம் ஒரு மாசம் பொறுத்துப் பாத்தா. அப்புறம், 'ஒண்ணு நீங்க எங்கயாச்சும் போங்க, இல்லாட்டி நான் என்ற பொறந்த ஊட்டுக்குப் போயிர்றேன்'னு சொல்லிப்போட்டா. அப்பத்தான் செல்போன்ல ஒரு விளம்பரம். மார்த்தாண்டம் பக்கத்துல மரச்சட்டம் சொருகிக் கூட்டற வேலை சொல்லித் தர்றாங்க, கூடவே பழைய அறப்புரைகளைச் சுத்திக் காட்டறாங்கன்னு. பொழுதன்னிக்கும் கல்லோட மாரடிச்சவன், மரம்னா என்னன்னும் பாத்துருவோமேன்னு ரயிலேறிட்டேன்.

அங்க வாத்தியாரு ரெஜினால்டு. காலேஜ் உத்தியோகத்தை உதறிட்டு மரத்தைக் கட்டிக்கிட்டு அழுவற மனுசன். நல்லவருதானுங்க, பின்னாடி ஒரு மாதிரி ஆயிட்டாரு, அதைச் சொல்றேன். வந்திருந்ததெல்லாம் சின்னஞ்சிறுசுக. பசங்க கொண்டை போட்டிருக்கறானுக, புள்ளைக கிராப்பு வெட்டியிருக்குதுக. வெள்ளை வேட்டி நான் ஒருத்தன்தான். மொத நாளே உளியைக் கையில குடுத்துட்டாங்க. உள்ளங்கை கொப்பளிச்சுப் போச்சு. நான் செதுக்கின நாக்கு, துளைக்குள்ள போய் லொடலொடன்னு ஆடுதுங்க. ரெஜினால்டு அதை ஆட்டிப் பாத்துட்டு, 'அண்ணாச்சி, கொஞ்சம் மிச்சம் வெச்சு வெட்டணும். வெட்டுனத ஒட்ட வெக்க முடியாது பாத்துக்கிடுங்க'ன்னாரு. அத்தனையும் சிரிச்சுதுக. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. ஆயிரம் பேருக்குச் சம்பளம் குடுத்த கைங்க இது. செய்ய வரலைன்னா என்ன, வாங்கத் தெரியாதா நமக்கு?

மூணாவது நாளு வேன்ல ஏத்திட்டு அறப்புரை பாக்கக் கூட்டிட்டுப் போனாங்க. மொத அறப்புரையில ரப்பர் ஷீட்டைக் கொடியில துணி காயப்போடற மாதிரி தொங்க விட்டிருக்கறான். உள்ள போனா அந்த வாடை, கொமட்டிட்டு வருது. எப்பேர்ப்பட்ட மரம், எதுக்குப் பயன்படுது பாருங்க! இன்னொண்ணுல வெளவால் குடியிருக்குது. எனக்கு மனசே ஆறலீங்க. பழசோட அருமை தெரியாத ஜனங்ககிட்ட பழசு மாட்டிக்கிட்டா இந்தக் கதிதான். அதுக்கப்புறம் போனதுதான் நேசபாயி வீடு. இதே வீடுதானுங்க, நாம உக்காந்திருக்கறது.

அவ இதுக்குள்ள குடியிருந்தா. தனிக்கட்டை. புருசன் செத்ததும் அப்பன் வீட்டுக்கே வந்துட்டாளாமா. முந்திரிக் கம்பெனியில பருப்பு உரிக்கிற வேலை. கொட்டையில இருக்கற பால் பட்டு விரலெல்லாம் கருகிக் கிடந்துச்சு. 'கேறி வாருங்க, தல பாத்து'ன்னு எல்லாரையும் உள்ள கூப்பிட்டா. நெல்லுக் கொட்டற இடத்துல பாயைப் போட்டிருந்தா. சுவரெல்லாம் துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடியாட்டம் வெச்சிருந்தா, அதைச் சொல்லோணும். அத்தனை பேருக்கும் மரச்சீனி, அதான் நம்ம மரவள்ளிக் கிழங்கை வேக வெச்சு, மொளகாத் தொவையலோட தந்தா. கருப்பட்டிக் காப்பி தந்தா. கையில காசு இல்லாதவதான், ஆனா விருந்தோம்பல்ல கொறை சொல்ல முடியாது.

அப்புறம் பெருமை பேச ஆரம்பிச்சா. 'ஒரு இரும்பாணி கெடையாது பாத்துக்கிடுங்க'ன்னு ஒரு முளையை விரலால நெம்பிக் கழட்டிக் காட்டறா. கொண்டைக்காரப் பையன் ஒருத்தன் செல்போன்ல வீடியோ புடிச்சுக்கிட்டே இருக்கறான். நான் கேட்டனுங்க, சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். 'ஏம்மா, அப்பிடின்னா இதைக் கழட்டி எடுத்துட்டே போயிரலாம்போல இருக்குதே?' அதுக்கு அவ என்ன சொன்னாங்கறீங்க? சிரிச்சுக்கிட்டே, 'பின்னே? எனக்க அப்பன் இத மலையடிவாரத்துலேருந்து கழட்டி வண்டியில கொண்டுவந்துல்லா இங்கன கூட்டினாரு. நாலு ஆளு உண்டும்னா நாளைக்கே கழட்டிப்பிடலாம்'னா.

ரெஜினால்டு உடனே பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தப் பக்கத்து வழக்கப்படி அறப்புரை கட்டடக் கணக்குல வராதாமா. கட்டிலு, அண்டா, வண்டிமாடு மாதிரி அது வீட்டுச் சாமானாமா. பாகம் பிரிக்கறப்ப மண்ணு யாருக்குப் போனாலும் சாமானெல்லாம் ஆம்பளைப் புள்ளைக்காமா. அதுக்கும் இவ தலையாட்டறா. 'ஆமா, மொறைக்கு இது எனக்க தம்பிக்குள்ளதுதான். அவன் பாவம், நீ இருக்குது வரைக்கும் இரு அக்காண்ணு விட்டிருக்கான்'னு அவளே சொன்னா. அவ வாயாலயே சொன்னா. நான் புடுங்கிக் கேக்கலீங்க.

வேன் ஏறறதுக்கு முன்னாடி நான் அவகிட்ட நேரடியாவே கேட்டனுங்க. எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. 'இதைக் குடுக்கறியாம்மா, நல்ல விலை தர்றேன்'னேன். 'கெடந்து ஒறங்குத வீட்ட ஆராவது குடுப்பாளா சாரே?'ன்னு மறுபடி சிரிச்சா. அந்தப் புள்ளைகளும் கூடச் சேந்து சிரிச்சுதுக. உளி புடிச்சப்பவும் சிரிப்பு, விலை கேட்டப்பவும் சிரிப்பு. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன்.

வந்துருச்சு பாருங்க காப்பி. இங்க வெச்சுட்டுப் போ நேசபாயி. பின்னாடி ரூமுக்கெல்லாம் போர்வை மாத்திட்டயா? போ, மாத்து.

எங்க விட்டேன்? ஆங், தம்பி. செல்வதாசுன்னு பேரு. மார்த்தாண்டத்துல பேக்கரி வெச்சிருக்கறான். மறுநாளு வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு நேரா அவன் கடைக்குப் போயிட்டேன். ஒரு பன்னும் டீயும் சொல்லிட்டு உக்காந்தேன். பதமாத்தான் ஆரம்பிச்சேன். 'உங்க அப்பன் ஆசையாக் கொண்டாந்த பொருளு, கரையான் அரிக்குதே தம்பி, பாத்தா வயிறு எரியுது'ன்னேன். கரையான்லாம் ஒண்ணும் இல்லைங்க, ஆயினியைக் கரையான் தொடாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவன், 'அதுல அக்கா கெடக்காள்லா சார்'ங்கறான். 'அக்காவுக்கு மண்ணு இருக்குதில்ல? மண்ணை யாரு கேட்டா? உன்ற சாமானை நீ எடுத்துக்கறே, அவ்வளவுதான்'னேன். அவன் கேக்கை வெட்டிக்கிட்டே இருந்தான். கல்லாவுல உக்காந்திருந்த அவன் சம்சாரம்தான் நிமுந்து பாத்தா. 'சார் செல்லுதது ஞாயந்தானே. இத்தன வருசம் அக்கான்னு விட்டுக்குடுத்தாச்சு, நமக்கும் பிள்ளை குட்டி இல்லியா'ன்னா. அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. அவ நிமுந்து பாத்தப்பவே முக்காவாசி முடிஞ்சு போச்சுங்க.

நேசபாயி சும்மா இருப்பாளா? ஊர்ல நாலு பெரிய மனுசங்களைக் கூட்டிட்டா. மாமரத்தடியில உக்காந்தோம். 'எனக்க வீட்ட எடுக்கப் பாக்கியானுவ'ன்னு அழுவறா. பெரியவங்களுக்கும் மனசு எளகுது. நான் ஒரு வார்த்தை பேசலீங்க. அந்தக் கொண்டைக்காரப் பையன் வாட்ஸாப் குழுவுல எல்லாருக்கும் அனுப்பியிருந்த வீடியோவைச் செல்போன்ல போட்டு நடுவுல வெச்சேன். அதுல அவளே சிரிச்சுக்கிட்டு வர்றா. 'நாளைக்கே கழட்டிப்பிடலாம்'ங்கறா. 'மொறைக்கு இது எனக்க தம்பிக்குள்ளதுதான்'ங்கறா. பெரியவங்க அத்தனை பேரும் குனிஞ்சு பாத்தாங்க. அழுதுக்கிட்டிருந்தவகூட அழுகையை நிறுத்திட்டு அதையே பாத்தா. ஒரு பெரியவர், 'நீதானே செல்லியிருக்க பிள்ளே'ன்னாரு. 'விருந்தாளிமாருகிட்ட ஒரு பெருமைக்குச் சொன்னேன் மாமா'ன்னா. தவளை தன் வாயால கெடும்ங்கறது சும்மாவா?

தம்பிக்குப் பணத்தைக் குடுத்துட்டேன், ஆனா கழட்டறதுக்கு அந்த ஊரு ஆசாரிமாரு ஒருத்தனும் வரலீங்க. கூப்பிட்டா, கை வலிங்கறான், கல்யாணங்கறான். சரி போடான்னு நம்ம கம்பெனி ஃபிட்டருகளையே லாரியோட வரச் சொல்லிட்டேன். வந்து பாத்தா இவ உள்ள போய் உக்காந்துக்கிட்டா. பாய் போடற இடத்துல, காலை மடக்கிக்கிட்டு, மடியில ஒரு துணிமூட்டை. எந்திரிக்க மாட்டேங்கறா. ஃபிட்டர் பசங்க, 'மொதலாளி, தூக்கி வெளிய வெச்சுரட்டுமா'ன்னானுக. நான், 'பொம்பளைமேல கை படக் கூடாதுடா'ன்னு சொல்லிட்டேன். நம்மளுக்குன்னு ஒரு வளப்பு இருக்குதுங்களே. 'அவ பாட்டுக்கு உக்காந்திருக்கட்டும், நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கடா'ன்னேன்.

மேல ஓடுகளை எறக்கினானுக. வெயில் நேரா அவ தலையில விழுந்துச்சு. பாவமா இருந்துச்சு, நான்தான் என்ற குடையை விரிச்சு அவளுக்குப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஆமாங்க, நானேதான். வேற எந்த மொதலாளி செய்வான் சொல்லுங்க? அப்புறம் கைமரம், உத்தரம். ஒவ்வொண்ணுலயும் சாக்பீசுல நெம்பர் போட்டு எறக்கினோம். சுவத்துப் பலகையை உருவ உருவ, வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கிட்டிருந்த ஊர்ச்சனம் தெரியுது. அவளைச் சுத்திச் சுவரே இல்லை, தரை மட்டும் இருக்குது, நடுவுல அவ. டீ வாங்கிக் குடுத்தேன், குடிக்கலை. தரைப்பலகையை எடுக்க வந்தப்ப, 'சித்தெ தள்ளிக்கம்மா'ன்னா அடுத்த பலகைக்கு நகந்துக்குவா. அதை எடுக்கப் போனா அதுக்கடுத்த பலகைக்கு. ஒரு சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. கடைசிப் பலகைக்கு வந்ததும் தானா எந்திரிச்சு எறங்கிட்டா. எவ்வளவு மருவாதியா நடந்துச்சு பாருங்க. வேலிக்கு அந்தாண்ட நின்னதுகதான் மண்ணை வாரித் தூத்துச்சுக. லாரி டயருக்கு ஒண்ணும் ஆகலை.

எனக்குக் கோபம் வர்றதெல்லாம் ரெஜினால்டு மேலதானுங்க. போன் பண்ணி, 'நீங்க ஒரு வீட்ட இடிச்சுட்டீங்க'ங்கறாரு. இடிக்கலைங்களே? கழட்டினேன். ஒரு கீறல் இல்லாம இங்க கொண்டாந்து மாட்டியிருக்கறேன். 'இனி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன் எனக்குக் கதவு தொறக்க மாட்டான்'னு வகுப்பையே நிறுத்திப்போட்டாரு. வயித்தெரிச்சலுங்க. தன்னால முடியாததை ஒரு கிரைண்டர்காரன் செஞ்சுட்டானேன்னு. ஒரு வகுப்பு நின்னா என்ன, இப்ப நாம நடத்தறமில்ல?

அதுகூடப் பரவாயில்லைங்க. அந்த ஊர்க்காரங்க செஞ்ச கூத்தைக் கேளுங்க. இந்த வீடு போனதுக்கப்புறம் பயம் புடிச்சுருச்சு. எவன் தம்பி எப்ப வந்து கழட்டுவானோன்னு, அத்தனை அறப்புரைக்காரனும் கடையில ஆறு இஞ்சு ஆணி வாங்கி மூட்டுக்கு மூட்டு அறைஞ்சு வெச்சிருக்கறானுக. கல்லுக்காலைச் சுத்தி சிமெண்டு வேற கொட்டியிருக்கறானுக. ஆணி அடிச்சு சிமெண்டு போட்டா சாமான் இல்லையாமா, கட்டடமாமா. எடுக்க முடியாதாமா. நூறு வருசமா ஒரு ஆணி படாத மரமுங்க! எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எவ்வளவு பெரிய பாவம்! ஏதோ இந்த ஒண்ணையாச்சும் நான் காப்பாத்திக் கொண்டாந்தேன்.

நேசபாயி எப்பிடி இங்க வந்தான்னு கேக்கறீங்களா? அதான் விசேசம். இங்க மாட்டி முடிச்சுப் பால் காய்ச்சின கொஞ்ச நாள்ல, வாசல் கேட்டுக்கிட்ட வந்து நிக்கறா. அதே துணிமூட்டை. அங்க அவ மண்ணுல வெறும் கல்லுக்கால்தான் நின்னுச்சு, மழைக்காலம் வேற. தம்பி வீட்டுல ஒரு வாரம் இருந்தாளாமா, தம்பி பொண்டாட்டி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டாளாமா. 'எனக்க வீட்ட ஒரு தடவ பாத்துட்டுப் போறேன் சாரே'ன்னா. பாத்துட்டுப் போகலை. சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு தூணாத் தொட்டுக்கிட்டே சுத்துனா. எனக்கு எரக்கம் வந்துருச்சு. 'சரி, இருந்துக்க. கூட்டிப் பெருக்கு, வர்றவங்களுக்குக் காப்பி வெச்சுக் குடு'ன்னேன். கேட்டுப் பக்கத்துல தகரக் கொட்டாய் பாத்தீங்களே, அதுதான் அவளுது. வெயில் காலத்துல கொஞ்சம் காயும். மத்தபடி மூணு வேளைச் சோறு. வந்தாரை வாழ வெக்கற ஊருங்க நம்முளுது.

ஒரே ஒரு சட்டம்தான் போட்டேன், இதுக்குள்ள படுக்கக் கூடாதுன்னு. வாடகைக்கு விடற இடமுங்க. ஒருநாள் மத்தியானம் பெங்களூர்ல இருந்து ஒரு குடும்பம் வந்து கதவைத் தொறந்தா, அந்த மூலையில சுருண்டு படுத்துத் தூங்கறா. அந்தக் குழந்தை பயந்து அலறிருச்சு. அன்னைக்கே பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி என்ற இடுப்புலதான் இருக்கும். கூட்டறதுக்குத் தொறந்து விடுவேன், முடிஞ்சதும் பூட்டிக்குவேன். வெளியூருக்குப் போறப்ப மட்டும் அவகிட்டக் குடுத்துட்டுப் போறது. போன வாரம்கூட பேரனுக்குக் காதுகுத்துன்னு போயிட்டு நேத்துத்தான் வந்தேன்.

அந்த ஆணி அடிக்கற கூத்தை இவகிட்டயும் சொன்னனுங்க. 'உங்க ஊருக்காரங்களோட புத்தியைப் பாத்தயா நேசபாயி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். இவ சிரிக்கலை. 'எத்தன இஞ்சு ஆணி சாரே?'ன்னு கேட்டா. 'ஆறு இஞ்சு, எதுக்குடி உனக்கு'ன்னேன். விளக்குமாத்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. வெகுளிங்க, பாவம்.

இன்னைக்கு உங்க குழுவுக்காகக் கதவைத் தொறந்தே வெச்சிருக்கறேன். என்ன வேலைன்னா, பின்னாடிச் சுவரை முளை தட்டிக் கழட்டி மறுபடி மாட்டறது. ஒவ்வொரு குழுவுக்கும் அதுதான். கழட்டிப் பாத்தாத்தானுங்க கூட்டறது புரியும். கழட்டறப்பெல்லாம் இவ தகரக் கொட்டாய்க்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவா. கொஞ்சம் காப்பிக்குத்தான் சிரமமாயிருக்கும். வேற ஒண்ணும் இல்லைங்க.

என்னங்க, அந்தத் தூணையே தடவிக்கிட்டிருக்கீங்க? மழமழன்னு இருக்குதுங்களா? அதான் ஆயினி. என்னது, மெழுகா? மெழுகெல்லாம் நாங்க பூசறதில்லீங்க. கொஞ்சம் நகருங்க, பாக்கறேன். நகத்துல சொரண்டுங்க. இன்னும் சொரண்டுங்க.

அய்யோ. ஆணிங்க. இரும்பாணி.

இங்கயும் இருக்குது பாருங்க. இந்த மூட்டுல ரெண்டு. அந்த உத்தரத்துல. அட, பின்னாடிச் சுவருலயும். ஆணித் தலையை உள்ள எறக்கி மேல மெழுகுல கரியைக் கொழைச்சுப் பூசியிருக்குது. ஒரு மூட்டுகூட மிச்சமில்லையே! காதுகுத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள... நேசபாயி! ஏ நேசபாயி, இங்க வாடி!

யாரு செஞ்சது இது? வாயத் தொற. எதுக்குடி அடிச்சே? என்னது? சத்தமாச் சொல்லு, சாரும் கேக்கட்டும்.

கேட்டீங்களா? 'இனி ஆரும் கழட்டாண்டாம்'ங்கறா, யாரும் கழட்ட வேண்டாமாமா. இது உன்ற வீடாடி, நீ தீர்மானம் பண்றதுக்கு? 'இல்ல சாரே, உங்களுக்க வீடுதான். இங்கன நிக்கட்டு'ங்கறா. நிக்கட்டுமாமா! ஆணியில்லாத வீடுன்னு ஊரு பூரா விளம்பரம் போட்டு, வேன் நெறைய ஆளு வந்துக்கிட்டிருக்குது. நான் என்னத்தைக் காட்டறது அவங்களுக்கு? புடுங்கலாம்ங்கறீங்களா? எப்பிடிங்க புடுங்கறது? காஞ்ச ஆயினிங்க, புடுங்கினா நாக்கோட சேந்து பிளந்து போயிரும். ஒண்ணும் பண்ண முடியாது. வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டனே நானு! சோறு போட்டு, தங்க எடம் குடுத்து, குடை புடிச்சு... குடை புடிச்சனேங்க இவளுக்கு!

போ. மூட்டையைக் கட்டு. ஒரு மணிக்குப் பொள்ளாச்சி பஸ்ஸு, அதுல ஏறிப் போயிரோணும். எங்கயோ போ, அது என்ற தலைவலி இல்லை. தம்பிகிட்டப் போ, உன்ற கல்லுக்கால்மேல போய் உக்காரு. மூஞ்சியில முழிக்காதே.

ஏய், அந்தப் பக்கம் எங்க போறே? கொட்டாய் இந்தப் பக்கம். உள்ள எதுக்குப் போறே?

பாருங்க. பாருங்க நீங்களே. அதே மூலையில போய், அதே மாதிரி காலை மடக்கி உக்காந்துட்டா. ஏய், எந்திரி. எந்திரிடீங்கறேன். காதுலயே வாங்க மாட்டேங்கறா. அன்னைக்காச்சும் பலகையை எடுத்தா நகந்தா. இப்ப எதைங்க எடுக்கறது? ஒரு பலகை அசையாதே!

வேன் சத்தம் கேக்குது. கேட்டுக்கிட்ட வந்துட்டாங்க. ஏனுங்க, காப்பியை அப்பிடி வெச்சுட்டு இங்க வாங்க. ஃபிட்டர் பசங்ககூட இல்லை இன்னைக்கு. நான் தோளைப் புடிச்சுக்கறேன், நீங்க காலைப் புடிங்க. அட, வாங்கங்கறேன், அவங்க பாக்கறதுக்குள்ள. ஆங், அப்பிடித்தான். பலகை இடுக்கைப் புடிச்சுக்கிட்டிருக்கா பாருங்க, அந்த விரலைப் பிரிச்சு விடுங்க. ஒவ்வொண்ணாப் பிரிங்க. மெதுவாங்க, மெதுவா. நகம் பட்டுப் பலகையில கீறல் விழுந்துறப் போவுது.